முதிய பூனையும் மணல்தொட்டியும்

பத்து வயதைக் கடந்த பூனையைக் கால்நடை மருத்துவர்கள் முதிய பூனை என்று கணக்கில் கொள்கிறார்கள். மனித வயதோடு ஒப்பிட்டால், பூனையின் முதல் ஆண்டு ஏறத்தாழ 15 வயதுக்கும், இரண்டாம் ஆண்டின் முடிவு 24 வயதுக்கும் சமம். அதற்குப் பிறகு ஆண்டுக்கு நான்கு கூட்டிக்கொள்ள வேண்டும். பத்து வயதுப் பூனைக்கு அப்படி 56 வயது, பதினைந்து வயதுப் பூனைக்கு 76 வயது. இந்தப் பருவத்தில்தான் பல வீடுகளில் அந்தப் புகார் எழுகிறது. இத்தனை காலம் மணல்தொட்டியில் ஒழுங்காகப் போய்வந்த பூனை இப்போது சோபாவுக்குப் பின்னால் போகிறது, துணிக்கூடையில் போகிறது, குளியலறை வாசல் மிதியடியில் போகிறது. வீட்டில் மூன்று நான்கு பூனைகள் இருந்தால், செய்தது எது என்பதே தெரியாமல் எல்லாப் பூனைகளும் திட்டு வாங்குகின்றன.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இந்தச் சிக்கலுக்கு ஓர் உள்ளூர்ப் பின்னணி உண்டு. சுங்கை சிப்புட், செம்மோர், கம்பார், தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டங்களில், லயத்து வீடுகளில் பூனை வளர்த்தவர்களுக்கு மணல்தொட்டி என்ற ஒன்று தேவைப்படவே இல்லை. அரிசியைத் தேடி வரும் எலிக்காகப் பூனை வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி, அதைத் தாண்டினால் பால்மரங்களின் கீழே சருகு மூடிய மண். பூனைக்கு வேண்டிய கழிப்பிடம் அங்கே தாராளமாக இருந்தது. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத பூனைகள் ஆளுக்கொரு லயத்தைப் பார்த்துக்கொண்டன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின; குடும்பங்கள் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான் வீடுகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. பூனைகளும் கூடவே வந்தன. தாமான் வீட்டில் முன்னால் சிமெண்டு, பின்னால் சிமெண்டு, இடையில் வழுக்கும் மொசைக் தரை. வெளியே விட்டால் கார் மோதும், அல்லது பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியில் போய்ச் சண்டையை இழுத்து வரும். ஆகவே நான்கு பூனைகள் ஒரே கூரைக்குள், பெரும்பாலும் குசினி மூலையில் இருக்கும் ஒரே ஒரு தொட்டியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இளமையில் அவை இதைச் சகித்துக்கொள்ளும். முதுமையில் அந்தச் சகிப்பு தீர்ந்துபோகிறது.

மண்ணைத் தோண்டிக் கழித்துவிட்டு மூடுவது பூனையோடு பிறந்த இயல்பு. மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் திரிந்த காட்டுப்பூனையிலிருந்து வந்தது வீட்டுப்பூனை. தளர்ந்த மண்ணைத் தேடும் குணமும் அங்கிருந்தே வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்யும் ஒரு காரியத்தை அது நிறுத்துகிறது என்றால், ஏதோ ஒன்று தடுக்கிறது என்று பொருள். வலிக்கிறது, எட்ட முடியவில்லை, பயமாக இருக்கிறது, அல்லது தொட்டி நாறுகிறது. வீட்டாரைப் பழிவாங்கவே பூனை இப்படிச் செய்கிறது என்ற பேச்சுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. மூக்கைக் கழிவில் தேய்ப்பதும் துடைப்பத்தால் அடிப்பதும் பூனையை மறைவிடம் தேடவே பழக்கும். அடுத்த முறை அது கட்டிலுக்கு அடியில் போகும், கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்.

முதலில் பார்க்க வேண்டியது உடம்பை. முதிய பூனைகளிடம் பரவலாகக் காணப்படும் ஒன்று நாள்பட்ட சிறுநீரக நோய். பத்து வயதுக்கு மேற்பட்டவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு இது இருப்பதாகக் கால்நடை மருத்துவம் கணிக்கிறது. ஆரோக்கியமான பூனையின் சிறுநீர் மிகவும் அடர்த்தியானது. வறண்ட நிலத்து மூதாதை தண்ணீரைச் சேமிக்கக் கற்ற வழி அது. சிறுநீரகத்தின் செயல்திறனில் மூன்றில் இரண்டு பங்கு போகும்போது அந்த அடர்த்தியும் போய்விடுகிறது. சிறுநீர் நீர்த்துப் பெருகுகிறது. இழந்த தண்ணீரை ஈடுகட்டப் பூனை ஓயாமல் குடிக்கிறது. நாளைக்கு மூன்று முறை போனது ஐந்தாறு முறை போகும். காலையில் சுத்தம் செய்த தொட்டி மத்தியானத்துக்குள் சதசதவென்று ஆகிவிடும். பூனை தொட்டியை விட்டு விலகுவது அதன் பிறகுதான். வீட்டாரின் கண்ணில் படுவது இந்தக் கடைசிக் கட்டம் மட்டுமே.

நீரிழிவும் தைராய்டு மிகுதியும் இதே போல் சிறுநீரைப் பெருக்கும். பருத்த ஆண் பூனைகளுக்கு நீரிழிவு அதிகம் வருகிறது. தைராய்டு மிகுந்த பூனை வெறியோடு சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகும், இரவில் கத்தும், வயதான பூனைக்கு இப்படியொரு சுறுசுறுப்பா என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் ஒரு நாளில் தண்ணீர் குடிக்கும் பூனை நோயுற்ற பூனை என்றே கொள்ளலாம். நான்கு கிலோ பூனை என்றால் 400 மில்லிலிட்டர். இந்த நோய்கள் மூன்றையும் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றுக்கும் மருத்துவம் உண்டு. சிறுநீரக நோயை மட்டும் குணப்படுத்த முடியாது, மெதுவாக்க முடியும். பாஸ்பரஸ் குறைந்த உணவு, தோலுக்கு அடியில் ஏற்றும் திரவம், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆகியவற்றோடு பல பூனைகள் ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன. இரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் விழித்திரை கழன்று பூனை திடீரென்று பார்வை இழக்கும். தொட்டியைத் தவறவிடும் கிழப்பூனைகளில் சில உண்மையில் தொட்டியைக் காணாதவை.

கழிக்கும்போது வலித்தால் பூனை அந்த வலியைத் தொட்டியோடு சேர்த்தே நினைவில் வைக்கும். சிறுநீர்ப்பை அழற்சி, கல், கிருமித் தொற்று, மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தொட்டிக்கு வெளியே சிறுசிறு துளிகளாகச் சிறுநீர், அதில் இரத்தச் சாயல், கோலிக்குண்டு போல் காய்ந்த மலம் ஆகியவை அந்த வலியின் தடயங்கள். ஆண் பூனை தொட்டியில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது அவசர நிலை. சிறுநீர்க்குழாய் அடைபட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. அன்றிரவே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மூட்டுத் தேய்மானம் இவை எல்லாவற்றையும் விடப் பரவலானது, ஆனால் கண்ணுக்குப் படாதது. அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002ல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் 90 பூனைகளுக்கு மூட்டு அல்லது முதுகெலும்புத் தேய்மானம் இருப்பதைக் கண்டது. பூனை நாயைப் போல நொண்டிக் காட்டாது. மேசைமேல் தாவுவதை விட்டுவிடும், முதுகின் பின்பகுதியை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தும், நகம் தேயாமல் நீளும், படியில் இறங்குமுன் தயங்கி நிற்கும். அந்தப் பூனைக்கு 20 சென்டிமீட்டர் உயரமுள்ள தொட்டி விளிம்பு ஒரு மதில். கஷ்டப்பட்டு உள்ளே ஏறினாலும் குந்தி உட்கார முடியாமல் நின்றபடியே பெய்யும்; சிறுநீர் விளிம்பைத் தாண்டி வெளியே விழும். பூனை தொட்டிக்குள்தான் நிற்கிறது, தரை நனைகிறது என்றால் மூட்டைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். வலியைக் குறைக்கப் பூனைக்கென்றே மருந்துகள் உள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. வலி என்றதும் வீட்டில் இருக்கும் பனடோலை உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பனடோலில் உள்ள பாராசிட்டமாலைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். கோடாலித் தைலத்தை மூட்டில் தேய்ப்பதும் ஆபத்து. பூனை அதை நக்கியே தீரும். தைலத்தில் உள்ள பொருள்கள் அதற்கு நஞ்சு.

மூளையும் முதுமை அடைகிறது. 15 வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறத்தாழ பாதிக்கு மறதி நோயின் அறிகுறிகள் தென்படுவதாகக் கணிப்புகள் உண்டு. நடுராத்திரியில் கூடத்தில் நின்று வெறுமனே ஓலமிடும், சுவரைப் பார்த்து நிற்கும், தொட்டி எங்கே என்பது மறந்துபோகும். இத்தகைய பூனைக்குத் தொட்டியை இடம் மாற்றவே கூடாது. புதிய தொட்டி வேண்டுமென்றால் பழையதை அப்படியே வைத்துவிட்டுக் கூடுதலாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். தொட்டிக்கு அருகே இரவு முழுவதும் எரியும் ஒரு சிறிய விளக்கு பெரிய உதவி.

தொட்டியைப் பொறுத்தவரை, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை பூனையின் நீளம் எவ்வளவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமான தொட்டி தேவை. செல்லப்பிராணிக் கடைகளில் விற்பவற்றில் பல இந்த அளவுக்கு வருவதில்லை. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் அகலமான பிளாஸ்டிக் தட்டோ, துணி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியோ இதைவிட மேலானவை. பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் பூனை கால் வைக்கும் உயரத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்தால் போதும். மற்ற மூன்று பக்கங்கள் உயரமாக இருப்பதால் நின்றபடி பெய்யும் பூனையின் சிறுநீரும் வெளியே வராது. தொட்டிக்கு வரும் வழியில் ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டுவைத்தால் மொசைக் தரையில் கால் வழுக்காது. மூடியுள்ள தொட்டிகள் மனிதர் மூக்குக்கு வசதி. நாற்றம் உள்ளேயே தங்குவதால் பூனைக்கு அப்படி இல்லை. உள்ளே இருக்கும் பூனை வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க முடியாது.

மணலில் பெரும்பாலான பூனைகள் விரும்புவது நைசாக, வாசனை சேர்க்காத, நனைந்தால் கட்டியாகும் வகை. மர உருண்டைகள் மலிவானவை, நாற்றத்தையும் அடக்கும். ஆனால் மூட்டுவலிப் பூனையின் பாதத்துக்கு அவை சரளைக்கல். லாவண்டர், எலுமிச்சை வாசனை போட்டவற்றை மனிதர்கள்தான் விரும்புகிறார்கள். மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போதும். ஈப்போவின் ஈரக்காற்றில் மணல் எளிதில் உலர்வதில்லை, நாற்றமும் சீக்கிரம் ஏறும். ஆகவே காலையும் மாலையும் அள்ளுவது நல்லது. தினமும் அள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில பூனைகளின் மலத்தில் வெளியாகும் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, மனிதருக்குத் தொற்றும் நிலைக்கு முதிர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதற்கு முன் அள்ளிவிட்டால் ஆபத்து பெரிதும் குறையும். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

இனி, பல பூனைகள் உள்ள வீட்டின் அரசியல். இளைய பூனை முதிய பூனையைக் கடித்துக் குதறினால்தான் சண்டை என்று பலர் நினைக்கிறார்கள். பூனைகளின் பகை பெரும்பாலும் சத்தமே இல்லாதது. ஒரு பூனை குசினி வாசலில் படுத்துக்கொள்ளும். யாரையும் சீறாது, நகத்தை நீட்டாது. தொட்டிக்குப் போகவிருந்த கிழப்பூனையை ஒரு பார்வை பார்க்கும், அது திரும்பிப் போய்விடும். வீட்டார் கண்ணுக்கு ஒன்று தூங்குகிறது, மற்றொன்று உலாவுகிறது, அவ்வளவுதான். உண்மையில் கழிப்பறைக்குப் போகும் ஒரே வழி மறிக்கப்பட்டிருக்கிறது. தப்பித்து உள்ளே போய்விட்டாலும், வெளியே வரும்போது மேலே பாய்வதற்காகக் காத்திருக்கும் குட்டிகளும் உண்டு. அவற்றுக்கு அது விளையாட்டு. மூட்டு வலிக்கும் 14 வயதுப் பூனை அந்தத் தொட்டிப் பக்கம் மறுபடி போக யோசிக்கும்.

இதற்காகத்தான் பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அத்தனை தொட்டிகள் வைக்கச் சொல்கிறார்கள்: மூன்று பூனைக்கு நான்கு. எண்ணிக்கையைவிட முக்கியமானது அவை இருக்கும் இடம். நான்கு தொட்டிகளைக் குசினியில் வரிசையாக அடுக்கினால் பூனையின் கணக்கில் அது ஒரே தொட்டி. வாசலில் படுத்த ஒரு பூனை நான்கையும் மறித்துவிடும். குசினியில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, மாடியில் ஒன்று, கூடத்தின் ஓரத்தில் ஒன்று எனப் பிரிய வேண்டும். சிறிய தாமான் வீட்டில் இவ்வளவு இடம் ஏது என்ற கேள்வி நியாயமானது. அப்படியானால் முதிய பூனை அதிக நேரம் படுத்திருக்கும் அறைக்குள்ளேயே ஒன்றாவது இருக்கட்டும். அந்த அறைக்குள் மற்றவை நினைத்தபோதெல்லாம் நுழையாதபடி பார்த்துக்கொள்ளலாம். துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் தொட்டி வைக்கக் கூடாது. பாதிச் சலவையில் அது அதிர்ந்து சுழலும்போது உள்ளே இருக்கும் பூனை அரண்டுவிடும். கூரையில்லாத பின்கட்டும் ஆகாது. ஈப்போவின் மாலை இடிமழையும், தீபாவளி, சீனப் பெருநாள் வெடிகளும் கிழப்பூனையை அங்கிருந்து நிரந்தரமாக விரட்டிவிடும். சோற்றுத் தட்டையும் தண்ணீரையும் தொட்டியோடு சேர்த்து வைப்பது மனிதருக்கே பிடிக்காத ஏற்பாடு.

தண்ணீர், சாப்பாடு, படுக்கை எல்லாவற்றுக்கும் இதே முறை. ஒரே தட்டில் நான்கு பூனைகள் தின்றால் முதியது கடைசியாகத்தான் வரும். அது எவ்வளவு தின்றது, தின்றதா இல்லையா என்பதும் தெரியாமல் போகும். தனித்தனியாகக் கொடுத்தால்தான் சிறுநீரக நோய்ப் பூனைக்கான உணவு அதன் வயிற்றுக்குப் போய்ச் சேரும். வெறும் சோறும் வேகவைத்த மீனும் என்ற தோட்டத்துப் பழக்கம் அன்று எலியும் பல்லியும் பிடித்துத் தின்ற பூனைகளுக்குச் செல்லுபடியானது. வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்கும் கிழப்பூனைக்கு அது போதாது. வெங்காயம், பூண்டு கலந்த குழம்பு எந்தப் பூனைக்குமே ஆகாது. முதிய பூனைக்குத் துணையாக இருக்கட்டும் என்று குட்டி ஒன்றைக் கொண்டுவருவதும் அன்பால் செய்யும் தவறு. அது கேட்காத துணை அது.

சுவரில் பீய்ச்சுவது வேறு கதை. பூனை நின்றபடி, வாலை நிமிர்த்தி நடுக்கி, செங்குத்தான இடத்தில் கொஞ்சமாகத் தெளித்தால் அது எல்லைக் குறி. கருத்தடை செய்யாத பூனைகளிடம் இது மிகுதி. கருத்தடைக்குப் பிறகு பெரும்பாலான ஆண் பூனைகள் இதை விட்டுவிடும், பத்தில் ஒன்று தொடரும். வீட்டில் உள்ள எல்லாப் பூனைகளுக்கும் கருத்தடை செய்யாமல் தொட்டிச் சிக்கலைத் தீர்க்க முயல்வது வீண்வேலை. ஈப்போவில் இந்தச் செலவு கைக்கு மீறியவர்கள் ஈப்போ விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தையும் நோவாஸ் ஆர்க் ஈப்போ அமைப்பையும் அணுகி விசாரிக்கலாம். நோவாஸ் ஆர்க் தெருப் பிராணிகளின் கருத்தடையையே தன் முக்கியப் பணியாகக் கொண்டது.

எந்தப் பூனை என்று கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. சந்தேகப்படும் பூனையை ஓர் அறையில் இரண்டு நாள் தனித்தொட்டியோடு வைத்துப் பார்ப்பது எளியது. மலத்துக்கு இன்னொரு தந்திரம்: நஞ்சற்ற மெழுகு வண்ணக்கோலைச் சீவி, ஒவ்வொரு பூனையின் உணவிலும் ஒவ்வொரு நிறத்தைச் சிறிதளவு கலந்துவிட்டால் நிறம் காட்டிக்கொடுக்கும். சிறுநீருக்கு, புற ஊதா விளக்கில் ஒளிரும் ஃபுளோரசின் சாயத்தை மருத்துவர் கொடுப்பார்.

நனைந்த இடத்தைக் கழுவுவதில் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. குளோரோக்ஸ் ஊற்றினால் மனித மூக்குக்கு வாடை போகும், பூனையின் மூக்குக்குப் போகாது. சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு அது கலந்தால் நெஞ்சை எரிக்கும் நச்சுவாயுவும் எழும். டெட்டால் போன்ற பீனால் வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. கழுவிய தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். சிறுநீரைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. முதலில் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு அதை ஊற்றி, தானாகக் காயும்வரை விட வேண்டும். மொசைக் ஓடுகளின் இடுக்குச் சிமெண்டு சிறுநீரைக் குடித்து வைத்திருக்கும், அங்கே இரண்டு மூன்று முறை தேவைப்படும்.

முதிய பூனையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டுவது முறை. வீட்டில் மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதிவைக்கலாம்: பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறி, வித்தியாசத்தைக் கணக்கிட்டால் போதும். நான்கு கிலோ பூனை 400 கிராம் இழப்பது 60 கிலோ மனிதர் ஆறு கிலோ இழப்பதற்குச் சமம். ஈப்போவில் தனியார் கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. சிக்கலான நோய்களுக்கு 200 கிலோமீட்டருக்கு அப்பால் செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புவதுண்டு. 1948ல் ஈப்போவில் தொடங்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சிக் கழகம் நோய் ஆய்வுக்கூடமே, வீட்டுப்பூனைக்கு வைத்தியம் பார்க்கும் இடமன்று.

2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின் (சட்டம் 772) 24ஆம் பிரிவு, பொருத்தமான சூழல், உணவு, இயல்பான நடத்தைக்கு இடம், வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றை அளிக்கும் கடமையை வளர்ப்பவர் மேல் வைக்கிறது. பிற விலங்குகளோடு சேர்த்தோ அவற்றிடமிருந்து பிரித்தோ வைக்கப்பட வேண்டிய தேவையையும் அதே பிரிவு பட்டியலிடுகிறது. வாசலில் மறிக்கப்பட்டு நிற்கும் கிழப்பூனைக்கு இதைவிடத் தெளிவாக யாரும் வாதாட முடியாது. விலங்குவதைக்கு 29ஆம் பிரிவின் கீழ் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

வீட்டை நாறடிக்கும் முதிய பூனையைப் பசாரிலோ சாப்பாட்டுக் கடைப் பக்கத்திலோ கொண்டுபோய் விட்டுவிடுவது இன்னும் நடக்கிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகளோடு போராடிச் சோறு பிடிக்க மூட்டுவலிப் பூனையால் முடியாது. சிறுநீரக நோய் உள்ளதாயின் தண்ணீரின்றி விரைவில் சாகும். மருத்துவம் எதற்கும் எட்டாத கட்டம் வந்துவிட்டால் மருத்துவர் கையால் வலியின்றி விடைகொடுப்பது அதைவிடப் பன்மடங்கு இரக்கமானது. பெரும்பாலான பூனைகள் அந்தக் கட்டத்தில் இல்லை. தரையில் ஈரத்தைக் கண்ட வாரத்திலேயே சிறுநீரைப் பரிசோதிக்கக் கொண்டுபோங்கள். தாழ்ந்த விளிம்புள்ள தொட்டி ஒன்றை அது படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.